மாத்திரையைக் குறைக்க வேண்டாம், செலவைக் குறைப்போம்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)



தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது "மருந்து விஷயம் தெரிந்தவர்" என்றார். அதை முதலிலேயே திருத்திவிடுகிறேன். நான் பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். மருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் பில் மட்டும்தான். எந்த மாத்திரை நல்லது, எதை நிறுத்தலாம் என்று நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். அது டாக்டருடைய வேலை. நான் பேசப்போவது கணக்கு.

என் அக்காவைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "என் கதையக் கேட்டு நாலு பேருக்குப் புத்தி வந்தா சொல்லிக்கோடா, பேரை மட்டும் சொல்லாதே" என்றார்.

அக்காவுக்கு 73 வயது. அத்தான் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்தார். அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதில் மாதாமாதம் 497 ரூபாயை ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். 2025 ஜூன் மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. காப்பீட்டுப் பட்டியலில் இருந்த மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீடு கைகொடுத்தது. பெரிய தொகை எதுவும் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயமே ஆரம்பித்தது. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய மாத்திரைகள் தீர்ந்தன. ஜூலை 5-ஆம் தேதி நான்தான் மெடிக்கலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு வாங்கி வந்தேன். பில் 3,780 ரூபாய். அதில் டிகாக்ரெலார் என்று ஒரு மாத்திரை. ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. காலை ஒன்று, இரவு ஒன்று. ஒன்றின் விலை 28 ரூபாய். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான், "என்ன அநியாயம் இது, ஒரு மாத்திரை 28 ரூபாயாம்" என்று சத்தமாகச் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், டப்பாவில் இருந்த பணத்தை எண்ணி 3,780 ரூபாயைக் கையில் கொடுத்தார். தம்பியாக இருந்தாலும் கடன் வைக்க மாட்டார்.

அந்த மாத்திரை ஒரு ஸ்ட்ரிப்பில் 14 இருக்கும். நான் வாங்கியது 4 ஸ்ட்ரிப், அதாவது 56 மாத்திரை. ஒரு நாளைக்கு 2 வீதம் 28 நாள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி அடுத்த மாதத்துக்கு வாங்கக் கிளம்பி, சீட்டைக் கேட்டேன். அக்கா, "இப்ப எதுக்குடா, இன்னும் இருக்கு, பத்து நாள் வரும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து டப்பாவைக் கொட்டி எண்ணினேன். ஒரு முழு ஸ்ட்ரிப்பும், இன்னொன்றில் 6 மாத்திரையும் இருந்தன. மொத்தம் 20. இருக்க வேண்டியது பூஜ்யம். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் பணம் குறைந்தால் மட்டும் பிழை அல்ல, கூடுதலாக இருந்தாலும் பிழைதான். எங்கேயோ ஏதோ எழுதாமல் விட்டிருக்கிறது.

கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். "ராத்திரி மாத்திரைதானேடா. தூங்கறப்ப எதுக்குன்னு விட்டுட்டேன். அரை லிட்டர் பால் விலையை விட அது ஜாஸ்தி."

இருபது இரவு அக்கா அந்த மாத்திரையைப் போடவில்லை. நான் வாசலில் நின்று புலம்பினேனே, அந்தப் புலம்பல் வேலை செய்திருக்கிறது. விலையைத் திட்டினேன், ஆனால் விலையைக் குறைக்க ஒரு வழியும் தேடவில்லை. அக்கா தனக்குத் தெரிந்த வழியில் குறைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமையே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. ஸ்டென்ட் வைத்த பிறகு இந்த மாத்திரையை விட்டால் அதற்குள் ரத்தம் உறைந்து மறுபடியும் மாரடைப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து என்றார். கடவுள் புண்ணியத்தில் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்றைக்கு நான் இங்கே நிற்கிறேன். "விலை கட்டுப்படலன்னா எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா."

அன்று அவர் சீட்டை மாற்றி எழுதினார். கம்பெனிப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் பெயர்களை எழுதினார். ஒரு வைட்டமின் கேப்ஸ்யூல் இனி தேவையில்லை என்று அடித்தார். மற்ற மருந்துகள் அதேதான், அளவும் அதேதான். இரண்டு கடைகளில் தேடி வாங்கினேன். பில் 1,310 ரூபாய். 3,780 எங்கே, 1,310 எங்கே. மாதம் 2,470 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 29,640 ரூபாய். இதைச் செய்ய எங்களுக்கு ஆன செலவு, ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டதுதான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நம் எல்லோரிடமும் ஏதாவது ஒரு காப்பீடு இருக்கிறது. பிறகு ஏன் மாத்திரைக்குக் கைக்காசு போகிறது?

காரணம் எளிது. நம்மில் பெரும்பாலோருடைய காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசும். தினமும் போடும் பி.பி., சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டு மாத்திரைகளை அது கண்டுகொள்ளாது. மாநில அரசு ஓய்வூதியர் திட்டம் அப்படித்தான். அவர்களுக்கு மருத்துவப்படி என்று மாதம் 300 ரூபாய் தனியாக வருகிறது. காப்பீட்டுக்குப் போவது 497, மருந்துக்கு வருவது 300. எங்கள் வங்கி ஓய்வூதியர் குழுக் காப்பீட்டில் பிரீமியம் முழுவதையும் நாங்களே கட்டுகிறோம், வருடாவருடம் அதுவே ஒரு பெரிய செலவு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2024 அக்டோபரில் 70 வயது கடந்த எல்லோருக்கும் விரித்தார்கள். அதுவும் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உள்நோயாளி சிகிச்சைக்குத்தான். வீடு திரும்பிய பிறகு 15 நாள் வரையிலான மருந்து அதில் சேரும். பதினாறாம் நாள் முதல் நம் கணக்கு.

தினசரி மருந்தும் கிடைக்கிற திட்டங்கள் சில உண்டு. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். மருந்தகம், முன்னாள் ராணுவத்தினருக்கு இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக், ரயில்வேக்காரர்களுக்கு அவர்களுடைய ஆஸ்பத்திரி. நம் குடியிருப்பில் தனியார் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு செய்தி. இ.எஸ்.ஐ.யில் குறைந்தது 5 வருடம் இருந்து, அதிலேயே ஓய்வு பெற்றவர்கள், வருடத்துக்கு வெறும் 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் தொடர்ந்து மருத்துவ வசதி உண்டு. மாதம் 10 ரூபாய். இதைத் தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, விலை ஏன் ஏறுகிறது. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று இருக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு போடுகிறது. 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள். அந்த உச்சவரம்பை ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டை வைத்து மாற்றுவார்கள். 2022 ஏப்ரலில் 10.77 சதவீதம் ஏற்ற அனுமதித்தார்கள். 2023 ஏப்ரலில் 12.12 சதவீதம். இரண்டு வருடத்தில் 100 ரூபாய் உச்சவரம்பு 124 ஆகிவிட்டது. 2024-இல் ஏற்றம் ஏறக்குறைய இல்லை, 2025-இல் 1.74 சதவீதம். இது ஒரு வகை.

இன்னொரு வகை, பட்டியலில் இல்லாத மருந்துகள். அவற்றுக்கு உச்சவரம்பு கிடையாது. கம்பெனி வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். நான் கிளார்க், எனக்குக் கூட்டு வட்டி தெரியும். வருடம் 10 சதவீதம் என்றால் 100 ரூபாய் 7 வருடத்தில் 195 ரூபாய். எல்லாக் கம்பெனியும் எல்லா வருடமும் ஏற்றுவதில்லை. ஆனால் ஏற்றலாம். நம் ஓய்வூதியம் 7 வருடத்தில் இரட்டிப்பாகுமா? யாராவது கை தூக்குங்கள் பார்ப்போம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி சேர்த்து 100 ரூபாய்க்கு விற்ற ஸ்ட்ரிப் 93 ரூபாய் 75 காசுக்கு வர வேண்டும். உங்கள் பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறையவில்லை என்றால் கடைக்காரரிடம் பணிவாகக் கேளுங்கள். அது நம் பணம்.

சரி, என்ன செய்வது? நான் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மருந்தின் பெயர், கம்பெனிப் பெயர் அல்ல, ஸ்ட்ரிப்பின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கிறதே, அது. எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, ஒன்றின் விலை, மாதம் எவ்வளவு. ஐந்து காலம் போட்டு எழுதுங்கள். பில் மொத்தத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் பயன் இல்லை. எந்த மருந்து பணத்தைத் தின்கிறது என்று தெரிய வேண்டும். அனேகமாக ஆறு மருந்தில் இரண்டுதான் பில்லில் பாதிக்கு மேல் இருக்கும்.

இரண்டாவது, அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். வாயைத் திறந்து கேளுங்கள். "டாக்டர், இதெல்லாம் இப்பவும் தேவையா? இந்த இரண்டும் விலை அதிகமா இருக்கு, இதுக்கு ஜெனரிக் எழுதித் தர முடியுமா?" இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வங்கியில் கடன் கேட்டு வருபவர் வட்டி விகிதம் கேட்பதில்லையா? இன்னொன்றும் இருக்கிறது. மருந்துகளின் காப்புரிமை முடிந்தால் விலை சரியும். எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைக்கு 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. அதுவரை ஒன்று 60 ரூபாய் அளவில் விற்றது. முடிந்தவுடன் பல இந்தியக் கம்பெனிகள் இறக்கின, சிலர் 10 ரூபாய்க்கும் கீழே கொடுத்தார்கள். ஆனால் பழைய சீட்டையே நீட்டினால் கடைக்காரர் பழைய கம்பெனி மாத்திரையைத்தான் கொடுப்பார். வருடத்துக்கு ஒரு தடவையாவது சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, ஜெனரிக் கடைகள். மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு முதல்வர் மருந்தகம் என்று 1,000 கடைகளைத் திறந்தது. ஒன்று பிரதமர் பெயரில், ஒன்று முதல்வர் பெயரில். அரசியலைக் காலை வாக்கிங்கில் வைத்துக்கொள்வோம், மாத்திரைக்குக் கட்சி கிடையாது. நான் போடும் பி.பி. மாத்திரை டெல்மிசார்டான் 40 மி.கி. கம்பெனிப் பெயரில் ஒன்று ஏழு ரூபாய் சொச்சம். மக்கள் மருந்தகத்தில் ஒன்றரை ரூபாய்க்குள் வாங்குகிறேன். எட்டு மாதமாகப் போடுகிறேன், என் பி.பி. எப்போதும் போல்தான் இருக்கிறது.

"விலை குறைவு என்றால் தரமும் குறைவாக இருக்குமே" என்று போன வாரம் லிஃப்டில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மக்கள் மருந்தகத்துக்கு வரும் மருந்தை ஒவ்வொரு பேட்ச்சாக அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கடைக்கு அனுப்புகிறார்கள். நாம் பெரிய விலை கொடுத்து வாங்கும் கம்பெனி மாத்திரைகளில் பலவும் காப்புரிமை முடிந்த மருந்துகள்தாம், மேலே பெயர் மட்டும் வேறு. குறை என்று சொன்னால், சில மருந்துகள் சில நேரம் ஸ்டாக் இருக்காது. ஆகவே தீர்ந்த பிறகு ஓடாமல், பத்து நாள் மருந்து கையில் இருக்கும்போதே போங்கள். ஜன் ஔஷதி சுகம் என்ற செயலியில் கடை எங்கே, மருந்தின் விலை என்ன என்று பார்க்கலாம். பேரன் பேத்திகளிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுப்பார்கள்.

நான்காவது, தள்ளுபடியைப் பார்த்து மயங்காதீர்கள். "இருபது சதவீதம் தள்ளுபடி" என்று போர்டு வைத்திருப்பார்கள். 150 ரூபாய் ஸ்ட்ரிப்பில் 20 சதவீதம் போனால் 120. அதே மருந்து இன்னொரு கடையில் தள்ளுபடியே இல்லாமல் 30 ரூபாய் என்றால் எது லாபம்? எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள், ஒரு மாத்திரைக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். ஃபார்மா சஹி தாம் என்ற அரசுச் செயலியில் உச்சவரம்பு விலையைச் சரிபார்க்கலாம். இன்னொரு விதி. ஸ்ட்ரிப்பை வெட்டி நான்கு மாத்திரை வாங்கினாலும், அந்த நான்கின் விகிதத்துக்கு மேல் விலை வாங்கக் கூடாது. ஆணையிலேயே இருக்கிறது.

ஐந்தாவதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம், ஆனாலும் சொல்கிறேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையம். பி.பி., சுகருக்கு அங்கே மருந்து இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-லிருந்து இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, சோதித்து அனுப்புகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் நாம் போக மாட்டோம். ஃப்ளாட்டில் இருப்பவன் அங்கே போய் வரிசையில் நிற்பதா என்று கூச்சம். எனக்கும் இருந்தது. அக்கா விஷயத்துக்குப் பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர், எங்கள் கிளையில் நிரந்தர வைப்பு வைத்திருந்த பழைய வாடிக்கையாளர். "என்ன சார் நீங்களும்?" என்றார். "ஆமாம், நானும்தான்" என்றேன். அத்தோடு கூச்சம் முடிந்தது. நம் வரிப் பணத்தில் வாங்கிய மருந்து. தேவைப்படுகிறவர்கள் தலை நிமிர்ந்து போய் வாங்கலாம்.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 60 வயது கடந்து, எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாதவர்கள், பழைய வரி முறையில் இருந்தால், மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பெற்றோருக்காகச் செலவழிக்கும் பிள்ளைகளுக்கும் இது உண்டு. ரொக்கமாகக் கொடுத்தது சேராது. யு.பி.ஐ.யிலோ கார்டிலோ கட்டி, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது எச்சரிக்கை. இதுவரை தூங்கியவர்கள் இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடையில் மாற்றும்போது மருந்தின் பெயரும் மில்லிகிராமும் மட்டும் பொருந்தினால் போதாது. சில மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்று இருக்கும். அவை உடம்பில் மெதுவாகக் கரைபவை. சாதா மாத்திரை அதற்கு மாற்று அல்ல. அதேபோல் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து கலந்திருந்தால் இரண்டும் அதே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவை, இந்த மூன்றிலும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனியைக்கூட மாற்றாதீர்கள். புதிதாக மாற்றினால் முதலில் 15 நாளுக்கு மட்டும் வாங்கி, பி.பி.யும் சுகரும் பார்த்துவிட்டுப் பிறகு மாதத்துக்கு வாங்குங்கள். பழைய கம்பெனி மாத்திரையும் புதிய ஜெனரிக்கும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களும் உண்டு. மாற்றிய அன்றே பழையதை எடுத்துத் தனியாக வையுங்கள். "எனக்கும் இதே பிரச்சினைதான், என் மாத்திரை மிச்சம் இருக்கு, போட்டுக்குங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதையும் நிறுத்துவோம். சாம்பார் கொடுங்கள், மாத்திரை வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. பணத்துக்காக ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள். பாதியாக உடைக்காதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடாதீர்கள். ஒரு மாத்திரையில் மிச்சம் பிடித்த 28 ரூபாய், ஆஸ்பத்திரியில் எத்தனை ஆயிரமாகத் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காசைக் கூட விடுங்கள். ஆளே திரும்பி வரவில்லை என்றால் எந்த லெட்ஜரில் எழுதுவது?

பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன். அப்பா அம்மாவிடம் "மருந்து போட்டாச்சா?" என்று போனில் கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். அக்காவும் அப்படித்தான் சொன்னார். ஊருக்கு வரும்போது ஸ்ட்ரிப்பை எடுத்து எண்ணுங்கள். திட்டுவதற்காக அல்ல. கூடுதலாக இருந்தால், ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள். என்னைப் போல வாசலில் நின்று விலையைச் சொல்லிப் புலம்பாதீர்கள். கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாகச் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, நமக்கு அருகில் உள்ள ஜெனரிக் கடைகள், சுகாதார நிலையம், அவை திறக்கும் நேரம், இவற்றை எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். விவரத்தைத் திரட்டித் தருவது என் பொறுப்பு.

இரண்டு, கடைக்குப் போக முடியாதவர்கள் நம்மிடையே பலர். முழங்கால் வலி, தனியாக இருப்பவர்கள். மாதம் ஒரு நாள் இரண்டு பேர் சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய் மொத்தமாக வாங்கி வரலாம். யார் என்ன மருந்து போடுகிறார் என்பது அவரவர் சொந்த விஷயம். ஆகவே சீட்டை உறையில் போட்டு, ஃப்ளாட் எண் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். வாட்ஸ்அப் குழுவில் யாரும் சீட்டைப் போட்டோ எடுத்துப் போட வேண்டாம். முதல் மாதம் போகிற இரண்டு பேரில் ஒருவனாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இன்னொருவர் வேண்டும்.

இது தவிர, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை இந்த ஹாலில் ஒரு மேஜை போட்டு உட்காருகிறேன். பில்லைக் கொண்டு வாருங்கள். எந்த மருந்து பணத்தைத் தின்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். வைத்தியம் சொல்ல மாட்டேன், கூட்டல் கழித்தல் மட்டும் செய்து தருகிறேன். 36 வருடம் செய்த வேலை, மறக்கவில்லை.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். மாதம் பிறந்தால் நான் மருந்து வாங்கிக்கொண்டு போகிறேன். 1,310 ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார், இப்போதும் கடன் வைப்பதில்லை. டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்து, "எண்ணிக்கோடா கேஷியர்" என்கிறார். எண்ணுகிறேன். கணக்கு சரியாக இருக்கிறது.

 காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.